வாடகைக் காருக்கு நம் சொந்த இன்சூரன்ஸ் போதுமா?

அமெரிக்காவில் சொந்தக் கார் வைத்திருந்து, அதற்கு முழு இன்சூரன்ஸும் கட்டிவருகிறவர், வெளியூரில் வாடகைக் கார் எடுக்கும்போது கவுண்டரில் விற்கும் இன்சூரன்ஸைப் பெரும்பாலும் வாங்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் காருக்குக் கட்டிய பாலிசியே வாடகைக் காருக்கும் வந்துவிடும். இது பலருக்கும் தெரியும். "வேண்டாம்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வேண்டாம் என்பவர்கள்தான் குறைவு. இதற்கு நேர்மாறாக, பயந்துபோய் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, கார் வாடகைக்குச் சமமான தொகையை இன்சூரன்ஸுக்கும் கொடுத்துவிட்டு வருபவர்களும் உண்டு.

இந்தியாவில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வருவது இயல்பு. நம் ஊரில் மோட்டார் இன்சூரன்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட வண்டிக்கானது. பதிவு எண்ணைப் போட்டுத்தான் பாலிசி எழுதுவார்கள். உங்கள் மாருதிக்குக் கட்டிய பாலிசி, ஊட்டியில் நீங்கள் வாடகைக்கு எடுத்த இன்னொரு காருக்கு உதவாது. அமெரிக்காவில் தனிநபர் கார் பாலிசி வண்டியையும் பார்க்கும், ஆளையும் பார்க்கும். நீங்களும் உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தாரும் தற்காலிகமாக வேறொரு காரை ஓட்டினால், அங்கேயும் அந்தப் பாலிசி கூடவே வரும். அமெரிக்கா, அதன் ஆட்சிப் பகுதிகள், போர்ட்டோ ரிக்கோ, கனடா ஆகியவை வழக்கமான எல்லை. ஹவாய்க்குப் போனாலும் கவலையில்லை. மெக்சிகோவுக்குள் நுழைந்தால் கதை வேறு. அங்கே மெக்சிகோ நாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் லயபிலிட்டி பாலிசி, அதாவது நாம் பிறருக்கு ஏற்படுத்தும் நஷ்டத்துக்கான பாலிசி, கட்டாயம். சான் டியேகோவில் கார் எடுத்து "சும்மா டிஹுவானாவை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்" என்று கிளம்புபவர்கள், முதலில் வாடகைக் கம்பெனி அதை அனுமதிக்கிறதா என்றே கேட்க வேண்டும்.

கவுண்டரில் விற்பது என்ன?

அமெரிக்காவின் வாடகைக் கார் வியாபாரத்தில் பெரும்பகுதி மூன்று குழுமங்களின் கையில் இருக்கிறது. என்டர்பிரைஸ், நேஷனல், அலமோ மூன்றும் ஒரு குடும்பம். ஹெர்ட்ஸ், டாலர், திரிஃப்டி இன்னொன்று. ஏவிஸும் பட்ஜெட்டும் மூன்றாவது. யாருடைய கவுண்டரில் நின்றாலும் விற்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் வருவது சி.டி.டபிள்யூ. அல்லது எல்.டி.டபிள்யூ. இதை எல்லோரும் இன்சூரன்ஸ் என்றே சொல்கிறோம். உண்மையில் இது, காருக்குச் சேதம் வந்தாலோ கார் திருடுபோனாலோ உங்களிடம் பணம் கேட்க மாட்டோம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும் விட்டுக்கொடுப்பு. அதற்கு நாள் கட்டணம் உண்டு. ஊரையும் வண்டியையும் பொறுத்து அது மாறும், ஒரு நாளைக்கு 30 டாலர் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டாவது, கூடுதல் லயபிலிட்டி. நீங்கள் இடித்து இன்னொருவருக்குக் காயம் பட்டாலோ, அவர் காரோ கடையோ மதில்சுவரோ உடைந்தாலோ கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்கானது. மூன்றாவது, காரில் இருப்பவர்களுக்கான விபத்து இன்சூரன்ஸ். நான்காவது, காரில் வைத்த சாமான்களுக்கானது. கடைசி இரண்டையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. உடம்புக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கிறது. லேப்டாப் திருடுபோனால் வீட்டு இன்சூரன்ஸோ வாடகை வீட்டில் குடியிருப்பவர் எடுக்கும் ரென்டர்ஸ் பாலிசியோ பெரும்பாலும் கொடுக்கும், அதன் டிடக்டபிளை, அதாவது நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கை, கழித்துக்கொண்டு.

ஆக, யோசிக்க வேண்டியவை முதல் இரண்டும்தான். இவற்றில் மக்கள் பயப்படுவது முதலாவதற்கு. பம்பர் நசுங்கினால் என்ன செய்வது, கண்ணாடியில் கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்றே கவலைப்படுகிறோம். கவுண்டரில் இருப்பவரும் அதைத்தான் அழுத்திச் சொல்வார். ஆனால் காருக்கு வரும் நஷ்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்தக் காரின் விலைக்கு மேல் அது பெரிதாகப் போகாது. சாலையைக் கடக்கும் ஒருவரை இடித்து, அவர் இடுப்பெலும்பு முறிந்து, பல மாதம் வேலைக்குப் போக முடியாமல் வழக்குப் போட்டால் அந்தத் தொகைக்கு வரம்பே கிடையாது. பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் கருத்து.

ஒரு காலத்தில் சில மாநிலங்களில், வாடகைக்கு எடுத்தவர் செய்த விபத்துக்குக் காரின் உரிமையாளர் என்ற முறையில் வாடகைக் கம்பெனி மீதும் வழக்குப் போட முடிந்தது. 2005இல் அமெரிக்க காங்கிரஸ் கொண்டுவந்த கிரேவ்ஸ் திருத்தம் அதை முடித்துவைத்தது. கம்பெனியின் பக்கம் தவறு ஏதும் இல்லாதவரை, உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பொறுப்பாக்க முடியாது. பல மாநிலங்களில் வாடகைக் காரோடு வரும் லயபிலிட்டி, அந்த மாநிலச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் மட்டுமே. மீதிப் பொறுப்பு ஓட்டுபவருடையது.

உங்கள் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு பாலிசிக்கும் முன்னால் டிக்ளரேஷன்ஸ் பேஜ் என்று ஒன்று இருக்கும். கம்பெனியின் செயலியிலேயே கிடைக்கும். நீளமான பாலிசிப் பத்திரத்தைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கத்தையாவது பார்க்க வேண்டும்.

அதில் லயபிலிட்டி என்ற வரியில் மூன்று எண்கள் இருக்கும். கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். 2025 ஜனவரி 1 முதல் அங்கே சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்சம் 30/60/15. அதாவது காயம் பட்ட ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் காயம் பட்ட எல்லோருக்கும் சேர்த்து 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக இது 15/30/5 ஆகத்தான் இருந்தது. புதிய கார் ஒன்றின் சராசரி விலையே 45,000 டாலரைத் தாண்டிவிட்ட நாட்டில், 15,000 டாலரும் ஒரு டெஸ்லாவின் முன்பக்கத்தைச் சரிசெய்யப் போதுமா என்பது சந்தேகம். வாடகைக் கார் ஓட்டும்போது உங்களுக்கு இருக்கும் லயபிலிட்டி பாதுகாப்பும் இதே எண்கள்தான். சொந்தக் காருக்குக் குறைவாக வைத்திருந்தால் வாடகைக் காருக்கும் குறைவாகத்தான் வரும். 100/300/100 என்ற அளவுக்கு உயர்த்திக்கொள்ள ஆகும் கூடுதல் பிரீமியம் பலருக்கும் தாங்கக்கூடியதே. கவுண்டரில் நாள்கணக்கில் கட்டுவதை விட இது வருடம் முழுவதும் பயன்படும். வீடு, சேமிப்பு என்று சேர்த்து வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் அம்பரல்லா பாலிசி ஒன்றும் எடுத்துவைப்பது நல்லது. அதுவும் வழக்கமாக வாடகைக் காருக்குச் செல்லும்.

அடுத்த இரண்டு வரிகள் கொலிஷன், காம்ப்ரிஹென்சிவ். இடிபட்டால் கொலிஷன். திருட்டு, ஆலங்கட்டி மழை, தீ, குறுக்கே ஓடிவந்த மான் இதெல்லாம் காம்ப்ரிஹென்சிவ். இந்த இரண்டும் உங்கள் பாலிசியில் இருந்தால்தான் வாடகைக் காரின் சேதத்துக்குப் பணம் வரும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். படிக்க வந்த மாணவர் நாலாயிரம் டாலருக்கு ஒரு பழைய கொரோலா வாங்குகிறார். அந்தக் காருக்கு எதற்குக் கொலிஷன் என்று லயபிலிட்டி மட்டும் எடுக்கிறார். அவர் செய்தது சரியான கணக்குதான். ஆனால் விடுமுறைக்கு நான்கு நண்பர்களோடு முப்பதாயிரம் டாலர் எஸ்.யூ.வி. ஒன்றை வாடகைக்கு எடுக்கும்போது, "எனக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று அதே தைரியத்தில் கிளம்பினால், அந்த எஸ்.யூ.வி.க்கு ஒரு டாலர்கூட வராது.

இன்னொரு வரியும் சிலரை ஏமாற்றுகிறது. ரென்டல் ரீஇம்பர்ஸ்மென்ட் என்று போட்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு வாடகைக் காருக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. விபத்துக்குப் பிறகு உங்கள் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களுக்கு மாற்றுக் காரின் வாடகையைத் தருவதுதான் அது.

முழு இன்சூரன்ஸ் இருந்தாலும் எல்லாம் வந்துவிடாது. வாடகை ஒப்பந்தத்தின்படி, தவறு யாருடையது என்றாலும் முதலில் கம்பெனிக்குப் பொறுப்பு நீங்கள்தான். வால்மார்ட் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுப் போன காரை யாரோ உரசிவிட்டு ஓடினாலும் பில் உங்களுக்கே வரும். அந்தப் பில்லில் ரிப்பேர் செலவோடு வேறு சிலவும் இருக்கும். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாட்களுக்கு வாடகை இழப்பு, கோப்பு நகர்த்தியதற்கு நிர்வாகக் கட்டணம், இழுத்துச் சென்ற கூலி, சில நேரம் அடிபட்ட கார் என்பதால் விற்பனை மதிப்பு குறைந்ததற்கு ஒரு தொகை. தனிநபர் பாலிசிகள் ரிப்பேர் செலவைத் தரும். வாடகை இழப்பை சில பாலிசிகள் ஒரு வரம்புக்குள் தரும், சில தராது. மதிப்புக் குறைவைப் பெரும்பாலும் தருவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ரிப்பேர் 4,200 டாலர், உங்கள் டிடக்டபிள் 1,000. இன்சூரன்ஸ் கம்பெனி 3,200 தரும். வாடகை இழப்பு நாளுக்கு 55 வீதம் 12 நாளைக்கு 660. நிர்வாகக் கட்டணம் 150. மதிப்புக் குறைவு 800. இந்தக் கூடுதல் எதையும் உங்கள் பாலிசி தரவில்லை என்றால் கையிலிருந்து போவது 2,610 டாலர். அடுத்த சில வருடங்களுக்குப் பிரீமியம் ஏறினால் அது தனி. இதைப் படித்துவிட்டு ஐந்து நாளுக்கு 150 டாலர் கட்டிவிடலாமே என்று தோன்றும். வருடத்துக்கு ஒரு முறை வாடகைக் கார் எடுப்பவர் நிம்மதிக்காகக் கட்டினால் அதில் தப்பில்லை. மாதம் இரண்டு முறை எடுப்பவருக்கு அது வீண் செலவு. அவருக்குத்தான் கிரெடிட் கார்டு இருக்கிறது.

கார்டு நிரப்பும் பள்ளம்

அமெரிக்கக் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வாடகைக் கார் சேதத்துக்கான பாதுகாப்பு இலவசமாக வருகிறது. இது இரண்டு வகை. ஒன்று, உங்கள் பாலிசி கொடுத்தது போக மிச்சத்தை, அதாவது டிடக்டபிளையும் அதைப் போன்றவற்றையும் தருவது. இன்னொன்று, உங்கள் பாலிசியின் பக்கமே போகாமல் முதல் டாலரிலிருந்து தானே தருவது. சேஸ் சஃபையர் பிரிஃபர்டு, சஃபையர் ரிசர்வ் போன்ற கார்டுகள் இந்த இரண்டாம் வகை. இதில் பெரிய நன்மை, உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு கிளெய்ம் போகவே தேவையில்லை என்பது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுகளில் சாதாரணமாக இருப்பது முதல் வகை. ஒவ்வொரு முறை கார் எடுக்கும்போதும் ஒரு நிலையான கட்டணம் கொடுத்து அதை இரண்டாம் வகையாக மாற்றிக்கொள்ளும் வசதியும் வைத்திருக்கிறார்கள். நாள் கணக்கில் இல்லாமல் ஒரு வாடகைக்கு ஒரு கட்டணம் என்பதால் நீண்ட பயணத்துக்கு இது லாபம்.

நிபந்தனைகள் உண்டு. முழு வாடகையையும் அதே கார்டில் கட்ட வேண்டும். கவுண்டரில் சி.டி.டபிள்யூ.வை வேண்டாம் என்று மறுத்திருக்க வேண்டும். வாங்கிவிட்டால் கார்டு ஒதுங்கிக்கொள்ளும். நாள் வரம்பும் இருக்கும். விசா கார்டுகள் பலவற்றில் உள்நாட்டில் 15 நாள், வெளிநாட்டில் 31 நாள். லாரி, பெரிய வேன், விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் விலக்கு. அயர்லாந்து, இஸ்ரேல், ஜமைக்கா மூன்று நாடுகளையும் பல கார்டுகள் விலக்கி வைத்திருக்கின்றன. வாடகை இழப்பைக் கார்டு தரும், ஆனால் தன்னிடம் வேறு கார் மிச்சமில்லாததால்தான் நஷ்டம் வந்தது என்பதற்குக் கம்பெனி தன் பதிவேட்டைக் காட்ட வேண்டும் என்று கேட்கும். அந்தக் காகிதம் வந்து சேருவதற்குள் பொறுமை போய்விடும்.

கார்டு எதைத் தராது என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். லயபிலிட்டி தராது. எவ்வளவு உயர்ந்த கார்டாக இருந்தாலும், நீங்கள் இடித்த ஆளுக்கும் அவருடைய வண்டிக்கும் அது ஒன்றும் செய்யாது. "என் கார்டிலேயே இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

அப்பா அம்மா வந்திருந்தால்

இந்தியாவிலிருந்து பெற்றோர் ஆறு மாதத்துக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு ஊரில் நாற்பது வருடம் கார் ஓட்டிய அனுபவம். அவர் பெயரில் வாடகைக் கார் எடுத்தால் மேலே சொன்ன எந்தப் பாலிசியும் அவரிடம் கிடையாது. அவருடைய இந்தியப் பாலிசி இந்தியாவுக்குள் செல்லும். கூடுதல் பிரீமியம் கட்டினால் இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், மாலத்தீவு வரை நீட்டலாம், அமெரிக்காவுக்கு நீட்ட முடியாது. வரும்போது எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ் மருத்துவச் செலவுக்கானது. மகன் கார் எடுத்து அப்பாவைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்தாலும், மகனின் பாலிசி அப்பாவுக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் அந்த வீட்டில் நிரந்தரமாக வசிப்பவராகக் கருதப்படுகிறாரா என்பதைப் பொறுத்தது அது. இப்படிப்பட்டவர்கள் தயங்காமல் சி.டி.டபிள்யூ., லயபிலிட்டி இரண்டையும் வாங்கிவிட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கென்றே இரண்டும் சேர்ந்த கட்டணத்தில் முன்பதிவு செய்ய முடிவதுண்டு. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவைத்தால் மலிவாக முடியும். அமெரிக்காவில் வசிக்கும் மகன் அந்தக் கட்டணத்தில் தன் பெயருக்கு எடுக்கக் கூடாது, அது செல்லாமல் போகும்.

நியூயார்க்கிலோ சிகாகோவிலோ கார் இல்லாமல் வாழ்பவர்களும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கிறார்கள். அடிக்கடி வாடகைக் கார் எடுப்பவர் என்றால், கார் இல்லாதவர்களுக்கான நான்-ஓனர் பாலிசி என்று ஒன்று உண்டு. அது லயபிலிட்டிக்கு. கார் சேதத்துக்கு நல்ல கார்டு ஒன்று. இரண்டும் சேர்ந்தால் கவுண்டரைக் கடந்துவிடலாம்.

அலுவலக வேலையாகப் போகிறவர்கள் சொந்தப் பாலிசியைத் தொடும் முன் கம்பெனியைக் கேட்க வேண்டும். நிறுவனங்கள் வாடகைக் கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தத்தில் இன்சூரன்ஸும் சேர்ந்தே இருப்பதுண்டு. வீடு மாற்ற யூ-ஹால் லாரி எடுப்பவர்களுக்குச் சொந்தப் பாலிசியும் கார்டும் பொதுவாகக் கைகொடுக்காது. அந்தக் கம்பெனியே விற்பதை வாங்கிக்கொள்ளலாம். டுரோ செயலியில் இன்னொருவரின் சொந்தக் காரை வாடகைக்கு எடுப்பதையும் கார்டுகள் பெரும்பாலும் வாடகைக் கார் என்று ஏற்பதில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மினசோட்டாவில் எழுதப்பட்ட கார் பாலிசி, கொலிஷன் இல்லாவிட்டாலும்கூட, வாடகைக் காரின் சேதத்தையும் வாடகை இழப்பையும் பொருள் சேத லயபிலிட்டி பகுதியிலிருந்தே தர வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். நியூயார்க்கிலும் தனிநபர் பாலிசியில் வாடகைக் காருக்கான பாதுகாப்பைச் சட்டம் சேர்த்து வைத்திருக்கிறது. பக்கத்து மாநிலத்து நண்பர் சொன்ன யோசனை உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரை எடுக்கும்போது ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். நான்கு பக்கம் மட்டும் போதாது. கூரை, சக்கர விளிம்பு, முன்கண்ணாடி, பம்பரின் அடிப்பகுதி, கிலோமீட்டருக்குப் பதில் மைல் காட்டும் அந்த மீட்டர் எல்லாம் வர வேண்டும். ஏற்கெனவே கீறல் இருந்தால் கம்பெனி ஆளிடம் காட்டி எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத யாரிடமும் சாவியைக் கொடுக்க வேண்டாம். அவர் ஓட்டும்போது இடித்தால் சி.டி.டபிள்யூ. வாங்கியிருந்தாலும் பலனில்லை. இரவில் அலுவலகம் மூடியபின் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானம் பிடிப்பவர்கள், காலையில் ஆள் வந்து காரைப் பார்க்கும்வரை பொறுப்பு தங்களுடையது என்று தெரிந்துகொண்டு, நிறுத்திய இடத்தில் இன்னொரு வீடியோ எடுத்துவைப்பது நல்லது. விபத்து நடந்தால் போலீஸ் அறிக்கை வாங்குங்கள். வாடகைக் கம்பெனி, இன்சூரன்ஸ் கம்பெனி, கார்டு கம்பெனி மூவருக்கும் அதே வாரத்தில் சொல்லிவிடுங்கள். கார்டு கம்பெனிகள் கெடு வைத்திருக்கின்றன, தாண்டினால் தர மாட்டார்கள்.

இவ்வளவையும் கவுண்டரில், பின்னால் பத்துப் பேர் நிற்க, குழந்தை அழ, யோசிக்க முடியாது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் ஏஜெண்டுக்கு எழுதிக் கேளுங்கள். என் லயபிலிட்டியும் கொலிஷனும் வாடகைக் காருக்கு வருமா, டிடக்டபிள் எவ்வளவு, வாடகை இழப்பும் நிர்வாகக் கட்டணமும் தருவீர்களா, கூட ஓட்டப்போகும் இன்னாருக்கும் சேர்த்தா என்று கேட்டால் போதும். போனில் "எல்லாம் வரும் சார்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.